ஏட்டில் ஏறாத மீன்

தேக்கா ஈரச்சந்தையின் மீன் கடைகளில் வஞ்சிரமும் வாவலும் இறாலும் எடை போட்டு விற்கப்படுகின்றன. ஒரு கிலோ இறால் என்றால் ஒரு கிலோ இறால்தான். அதில் ஐயம் இல்லை. ஆனால் அந்த ஒரு கிலோ இறால் கரைக்கு வருவதற்காகக் கடலில் எத்தனை கிலோ உயிர் மடிந்தது என்று கேட்டால், கடைக்காரரிடம் மட்டுமன்று, துறைமுகத்தின் பேரேட்டிலும் விடை இராது. எழுதப்படாத அந்த எடையை எவ்வாறு கணக்கிடுவது என்னும் கேள்வி, மீன்வள ஆய்வாளரிடையே பெரும் உழைப்புக்கும் சிறு பூசலுக்கும் இடமளித்து வருகிறது.

தமிழகக் கரையில் மீனவர் 'பாடு' என்றொரு சொல்லை வழங்குவர். 'இன்று நல்ல பாடு' என்றால் வலையில் நிறைய விழுந்தது என்று பொருள். மீன்பாடு என்னும் இச்சொல் வலைக்குள் வந்தது முழுவதையும் குறிக்கும். அரசாங்கப் புள்ளிவிவரமோ அவ்வளவு பரந்த மனம் உடையதன்று. வலையில் பட்டது ஒன்று, கரையில் இறங்கியது ஒன்று, ஏட்டில் எழுதப்பட்டது ஒன்று என மூன்று எடைகள் உள்ளன. நூல்களிலும் மாநாடுகளிலும் பேசப்படுவது பெரும்பாலும் மூன்றாவதே.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 1950ஆம் ஆண்டிலிருந்து உலக நாடுகளின் கடல்மீன் கணக்கைத் திரட்டி வெளியிட்டு வருகிறது. நாடுகள் அனுப்பும் எண்களே அதற்கு அடிப்படை. அக்கணக்கின் இலக்கணப்படியே, கடலில் திரும்ப எறியப்பட்ட மீன் அதில் சேராது. எனவே யாரும் பொய் சொல்லாத ஊரிலும் அந்த எண் குறைவாகவே இருக்கும். இதன்மேல், வீட்டுக்கென்று மீனவர் எடுத்துச் செல்லும் பங்கு, தூண்டிலில் பொழுதுபோக்குக்காகப் பிடிக்கப்படுவது, துறைமுகத்தைத் தொடாமல் சிற்றூர்க் கரையிலேயே விற்றுவிடுவது, உரிமமின்றியோ ஒதுக்கீட்டுக்கு மேலோ பிடித்து மறைக்கப்படுவது ஆகியவை எல்லாம் விடுபடுகின்றன.

விடுபட்ட இடத்தில் ஏடு வெற்றிடமாக நிற்கும். வெற்றிடத்தைக் கூட்டலில் சேர்க்கும்போது அது தானாகவே சுழி ஆகிவிடுகிறது. கோளாறு தொடங்குவது இங்கேதான்.

வெற்றிடம் சுழியன்று என்பதற்குச் சிங்கப்பூரின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. அது மீனைப் பற்றியதன்று, வணிகத்தைப் பற்றியது. 1963இல் தொடங்கிய இந்தோனேசிய மோதலின் காலத்திலிருந்து, இந்தோனேசியாவோடு நடந்த வணிகத்தின் எண்களைச் சிங்கப்பூர் வெளியிடாதிருந்தது. மோதல் 1966இல் ஓய்ந்த பின்னரும் அவ்வழக்கம் நீடித்து, 2003ஆம் ஆண்டளவில்தான் மாறியது. நடுவிலிருந்த அத்தனை ஆண்டுகளும் அண்டை நாட்டோடு ஒரு வெள்ளி வணிகமும் நடக்கவில்லை என்று எவரும் எண்ணவில்லை. எதிர்த்தரப்பின் ஏட்டைப் பார்த்து அளவை ஊகித்துக்கொண்டனர். வணிகத்தில் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் இந்த எளிய முறையை மீனுக்குச் செலுத்துவதில் மட்டும் நெடுங்காலம் தயக்கம் இருந்தது.

அத்தயக்கத்தை உடைத்தவருள் முதன்மையானவர் டேனியல் பாலி. இந்தோனேசியாவிலும் பிலிப்பீன்சிலும் பணியாற்றியபின் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியப் பல்கலைக்கழகத்தில் அமர்ந்த மீன்வள அறிஞர் இவர். 'எண் கிடைக்கவில்லை' என்று எழுதி நகர்ந்துவிடுவது, 'மீன் பிடிக்கப்படவில்லை' என்று எழுதுவதற்கே சமம் என்பது அவர் வாதம். மீன்பிடித்தல் ஒரு சமுதாயத் தொழில். படகுக்கு எண்ணெய் வேண்டும், வலைக்கு நூல் வேண்டும், பிடித்ததற்கு வாங்குவோர் வேண்டும். ஆதலால் அது எங்கேனும் ஒரு சுவட்டை விட்டே தீரும். அச்சுவட்டைத் தேடுவதே ஆய்வாளர் கடமை. 'மீள்கணக்கு' எனத் தமிழில் சொல்லத்தக்க இம்முறையை அவர் 1990களின் இறுதியில் முன்வைத்தார்.

முறை எளிது, உழைப்புத்தான் மிகுதி. முதலில் அரசாங்க எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வர். பிறகு, எந்த வகை மீன்பிடிப்பு அதில் விடுபட்டது என்று பட்டியலிடுவர். விடுபட்ட ஒவ்வொன்றுக்கும் பழைய ஆய்வுரை, உள்ளூர் நூல், குடிமதிப்பு, உணவு நுகர்வுக் கணக்கு ஆகியவற்றில் ஓரிரு ஆண்டுகளுக்கேனும் உறுதியான எண் கிடைக்கிறதா என்று துருவுவர். அவை நங்கூரங்கள். இரு நங்கூரங்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளைப் படகுகளின் தொகையையோ மக்கள்தொகையையோ துணைகொண்டு நிரப்புவர். இறுதியில் ஒவ்வோர் எண்ணும் எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு ஒரு வரம்பும் இடுவர்.

சிங்கப்பூருக்கும் இம்முறையில் கணக்கு எழுதப்பட்டது. இத்தீவில் கேலோங் என்னும் கழிப்பட்டிகள் கடலில் நிரைநிரையாக நின்ற காலம் ஒன்று இருந்தது. அக்காலத்து வலைகளையும் பொறிகளையும் பர்டன், பாரி என்னும் இருவர் 1954இல் விரிவாக எழுதி வைத்தனர். பழைய கருவிகளைப் பற்றிய அத்தகைய நூல்கள் இன்று நங்கூரமாகப் பயன்படக்கூடியவை என்பதை, எழுதியவர்களே எண்ணியிருக்க மாட்டார்கள்! ஆனால் சிங்கப்பூர்க் கணக்கில் வேறொரு சிக்கலும் உண்டு. 1969இல் தோன்றிய ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கும் மீன் எல்லாம் சிங்கப்பூர் மீனன்று. அயல்நாட்டுப் படகுகளிலும், தரைவழி வண்டிகளிலும், வானூர்தியிலும் வருவதே மிகுதி. அதைச் சிங்கப்பூர்ப் பிடிப்பு என்று எழுதினால் தவறு. பிடித்த நாடும் எழுதாது விட்டால், அந்த மீன் எந்த நாட்டு ஏட்டிலும் இராமல் உண்பவர் தட்டில் மட்டும் இருக்கும்.

நாடுகள்தோறும் நூற்றுக்கணக்கானோர் செய்த இப்பணியைத் தொகுத்து, பாலியும் டிர்க் செல்லரும் 2016இல் முடிவை வெளியிட்டனர். 1950 முதல் 2010 வரையிலான உலகக் கடல்மீன் பிடிப்பு, நாடுகள் எழுதிக் கொடுத்ததைவிட நூற்றுக்கு 53 பங்கு மிகுதி என்றனர். உலகப் பிடிப்பு உச்சத்தைத் தொட்ட 1996இல் ஏட்டின்படி 86 மில்லியன் டன். மீள்கணக்கின்படி 130 மில்லியன் டன். அதைவிடக் கவலைக்குரியது அடுத்த செய்தி. உச்சத்துக்குப்பின் ஆண்டுதோறும் ஏறத்தாழ 0.38 மில்லியன் டன் குறைகிறது என்று ஏடு சொல்ல, 1.22 மில்லியன் டன் குறைகிறது என்று மீள்கணக்கு சொல்லிற்று. ஏட்டை நம்பினால் கடல் ஏறக்குறைய நிலையாக இருப்பதாகத் தோன்றும். மீள்கணக்கை நம்பினால் சரிகிறது.

சரிவு என்றால் என்ன என்பதைத் தாய்லாந்து வளைகுடா முன்னரே காட்டிவிட்டது. 1960களின் தொடக்கத்தில் அங்கே இழுவைமடி பரவிற்று. 1961இல் ஆய்வுக் கப்பல் ஒரு மணிநேரம் மடியை இழுத்தால் ஏறத்தாழ 300 கிலோ மீன் கிடைத்தது. 1980களில் அதே மணிநேரத்துக்கு 50 கிலோ அளவே கிடைத்தது. சந்தைக்கு வந்த மொத்த மீன் இடைக்காலத்தில் பெருகிக்கொண்டே இருந்ததால், எழுதிய எண்ணை மட்டும் நோக்கியவர்களுக்கு இழப்பு தெரியவில்லை.

கடலில் எறியப்படும் மீனை அளப்பது இன்னும் கடினம். இழுவைமடி அடிநிலத்தை வாரிவரும். இறாலோடு குஞ்சு மீனும் நண்டும் சிப்பியும் வரும். விலை போகாதது வாரி எறியப்படும். அதில் பெரும்பகுதி பிழைப்பதில்லை. அளக்கும் வழி, நோக்கர் சிலரைப் படகில் அனுப்புவதே. எடுத்துக்காட்டாக, இருபது பயணங்களில் 10,000 கிலோ வைத்துக்கொள்ளப்பட்டு 2,500 கிலோ எறியப்பட்டது எனக் கொள்வோர், நான்கு கிலோவுக்கு ஒரு கிலோ என்னும் விகிதத்தைப் பெறுவர். அக்கூட்டத்துப் படகுகள் எல்லாம் சேர்ந்து 4,000 டன் இறக்கினால், எறிந்தது 1,000 டன் ஆகும். கணக்கு இவ்வளவே. ஆனால் நோக்கர் இருக்கும் படகு, இல்லாத படகைப் போல நடந்துகொள்ளுமா? தலைமையாசிரியர் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் வகுப்பு வழக்கமான வகுப்பன்று என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

இதனால்தான் மதிப்பீடுகள் பெரிதும் வேறுபடுகின்றன. எறியப்படும் மீன் ஆண்டுக்கு 27 மில்லியன் டன் என்று 1994இல் வெளியான ஆய்வு கூறிற்று, 7.3 மில்லியன் டன் என்று 2005இல் வெளியானது கூறிற்று. 2019இல் வெளியானதோ 9.1 மில்லியன் டன் என்றது. கணக்கிட்ட முறைகள் வேறாதலால், இம்மூன்றையும் வரிசையாக நிறுத்தி, உலகம் திருந்தியது என்றோ மீண்டும் கெட்டது என்றோ முடிவுகட்டலாகாது.

எறிவது குறைந்ததற்கு ஆசியாவில் வேறொரு காரணமும் உண்டு: எறிவதற்கு இப்போது விலை உண்டு. தமிழகத் துறைகளில் கழசல் என்றும் இராமேசுவரம் பக்கத்தில் சங்காயம் என்றும் சொல்லப்படும் சிறுமீன், தீவன ஆலைக்குப் போகிறது. சிங்கப்பூரில், சாங்கியில் இயங்கிய தென்கிழக்காசிய மீன்வள மேம்பாட்டு நடுவத்தின் ஆய்வுத் துறை, விலைகுறைந்த மீனை அரைத்து மீன் உருண்டையும் மீன் அப்பமும் செய்யும் நுட்பத்தை வளர்த்தது. உணவு வீணாகாமல் காத்தது நற்செயலே. ஆயினும் 'எறியப்பட்டது' என்னும் பத்தியிலிருந்த குஞ்சு மீன் 'பல்வகை மீன்' என்னும் பத்திக்கு மாறியதால், கடலில் அது பிழைத்துவிட்டதாக ஆகாது.

மீள்கணக்குக்கு எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. உணவு வேளாண்மை அமைப்பின் அறிஞர்கள் 2017இல் மறுப்புரை எழுதினர். ஊகத்தின்மேல் கட்டிய எண்ணைக் கொண்டு கடலின் நலத்தை முடிவு செய்யலாகாது என்பது அதன் சாரம். அதில் நியாயம் உண்டு. ஆனால் ஏடும் ஊகத்திலிருந்து தப்பியதன்று. ஒரு நாடு இவ்வாண்டு முதல் சிறுபடகுகளையும் எண்ணத் தொடங்கினால், பழைய ஆண்டுகளைத் திருத்தாதவரை, பிடிப்பு திடீரென வளர்ந்ததாகத் தோன்றும். சில வேளை எண் மேல்நோக்கியும் பிழைக்கும். சீனா 1990களில் உள்ளதைவிட மிகுத்து எழுதியது என்று ரெக் வாட்சனும் பாலியும் 2001இல் காட்டினர். உற்பத்தி உயர்ந்ததாகக் காட்டிய அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்ததே காரணம் என்றனர்.

சொன்னதை நம்பாமல் போய் எண்ணுவதே சிறந்தது என்னும் கொள்கைக்குத் தமிழ்நாட்டோடு தொடர்புடைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1947இல் நிறுவப்பெற்று, மண்டபத்தில் நெடுங்காலம் தலைமையிடம் கொண்டிருந்து, பின் கொச்சிக்கு மாறிய இந்திய நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம், மாதிரிக் கணக்கெடுப்பு முறையால் இந்தியக் கடற்கரையின் மீன்பாட்டை மதிப்பிடுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இறங்குதுறைகளில் நாள்தோறும் ஆள் நிறுத்த இயலாது. எனவே மாதத்தைப் பத்துப் பத்து நாளாகப் பகுத்து, குலுக்கலில் விழுந்த துறைக்குக் குறித்த நாளில் கணக்கர் செல்வார். முதல் நாள் நண்பகல் முதல் மாலை ஆறு வரையும், மறுநாள் காலை ஆறு முதல் நண்பகல் வரையும் அங்கே இருப்பார். இடைப்பட்ட இரவின் பாட்டை விசாரித்து அறிவார். பதினைந்து படகுக்குள் வந்தால் எல்லாவற்றையும் பார்ப்பார். ஐம்பதும் அதற்கு மேலும் வந்தால் ஐந்துக்கு ஒன்று பார்ப்பார். அறுபது படகு வந்து, அவற்றுள் பன்னிரண்டில் 2,400 கிலோ இருந்தால், படகுக்கு 200 கிலோவாக அன்றைய பாடு 12,000 கிலோ. மீனவரோ வணிகரோ ஒரு தாளும் நிரப்ப வேண்டியதில்லை. மறைப்பதற்கும் வாய்ப்புக் குறைவு.

எனினும் அந்தக் கணக்கர் நிற்பது கரையில். மீன் எங்கே பிடிபட்டது என்பதை அவர் கண்டதில்லை. பாக்கு நீரிணையில் இந்த இடைவெளி பெரிதாகிறது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரின்போது, இலங்கையின் வடபகுதித் தமிழ் மீனவர் இடம்பெயர்ந்தும், கடலுக்குச் செல்லத் தடைபட்டும் கிடந்தனர். அவர்கள் துறைகளில் கணக்கெடுப்பும் ஒழுங்காக நடக்கவில்லை. அதே ஆண்டுகளில் தமிழகக் கரையின் இழுவைப்படகுகள் எல்லைக்கு அப்பாலும் சென்றன. அங்கே வாரிய மீன் இராமேசுவரத்தில் இறங்கியபோது தமிழகத்தின் பாடாக எழுதப்பட்டது. யாழ்ப்பாணத்து ஏட்டில் அதற்கு இடமே இல்லை. இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. தங்கள் கடல் இழந்தது எவ்வளவு என்று வடபகுதி மீனவர் இன்று வாதிட வேண்டுமானால், அவர்களுக்குத் தேவைப்படுவது போர்க்காலத்து எண்களே. போருக்கு முந்திய துறைக்கணக்கும், அக்கரையிலிருந்து புறப்பட்ட படகுகளின் தொகையும், ஒரு படகு ஓர் இரவில் கொணர்ந்த பாடும் நங்கூரமாகக் கிடைக்கும் அளவுக்கே அந்த வெற்றிடத்தை நிரப்ப இயலும்.