உயிரிப்படலத்தை அளக்கும் ஊதா நிறம்: கல்லூரி ஆய்வகச் சோதனை சொல்வதும் சொல்லாததும்

சிறுநீர் வடிகுழாயின் உட்புறம், குடிநீர்க் குழாயின் சுவர், துலக்காத பல் ஆகியவற்றில் படியும் வழவழப்பான பூச்சுகள் அடிப்படையில் ஒரே வகையானவை. பாக்டீரியாக்கள் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பசை போன்ற பொருளுக்குள் கூட்டமாக வாழும் இந்த அமைப்பு 'உயிரிப்படலம்' எனப்படுகிறது.

திரவத்தில் தனித்து மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் அளவு, படலத்துக்குள் இருக்கும் அதே பாக்டீரியாவுக்குப் பெரும்பாலும் போதாது. வடிகுழாய், செயற்கை மூட்டு போன்ற சாதனங்களில் ஏற்படும் தொற்று சிகிச்சைக்குப் பின்னும் திரும்புவதற்கு இது முக்கியக் காரணம். பல நேரங்களில் அந்தச் சாதனத்தையே அகற்ற வேண்டியுள்ளது.

சோதனை எவ்வாறு நடைபெறுகிறது?

உயிரிப்படலத்தை வளர்த்து அளக்கும் எளிய முறையை இளநிலை நுண்ணுயிரியல் மாணவர்களும் செய்ய இயலும். 96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில், ஊட்டக்கரைசலுடன் பாக்டீரியா இடப்படுகிறது. கற்பித்தலுக்குச் சூடோமோனாஸ் ஃபுளோரசென்ஸ் போன்ற ஆபத்து குறைந்த இனங்களே ஏற்றவை. சில குழிகளில் பாக்டீரியா இல்லாத கரைசல் மட்டும் ஊற்றப்படும். ஒப்பீட்டுக்கு இவை இன்றியமையாதவை.

உகந்த வெப்பநிலையில் சுமார் 24 மணி நேரம் அசைக்காமல் வைத்தபின், திரவம் கொட்டப்பட்டு, குழிகள் மெதுவாகக் கழுவப்படுகின்றன. மிதந்த செல்கள் வெளியேற, ஒட்டியவை மட்டும் தங்குகின்றன. பின்னர் 0.1 சதவீத கிரிஸ்டல் வயலெட் சாயம் 10 முதல் 15 நிமிடங்கள் வரை இடப்பட்டு, மீண்டும் கழுவப்படுகிறது. சுவரில் பிடித்த சாயத்தை 30 சதவீத அசிட்டிக் அமிலம் கரைத்து எடுக்கிறது. அந்தக் கரைசல் 550 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதே அளவீடு.

எண்ணை எப்படிப் படிப்பது?

பாக்டீரியா இல்லாத குழியிலும் சிறிதளவு சாயம் ஒட்டும். எனவே, அக்குழிகளின் சராசரியுடன் திட்டவிலக்கத்தின் மூன்று மடங்கைக் கூட்டி, எல்லை மதிப்பு கணக்கிடப்படுகிறது. இந்த மதிப்பு 0.1 எனக் கொண்டால், அதற்கு மேல் 0.2 வரை பலவீனமான படலம், 0.4 வரை மிதமான படலம், அதற்கும் மேற்பட்டால் வலுவான படலம்.

கழுவும் வேகம் மாறினாலே முடிவும் மாறும். வேகமாகக் கழுவினால் படலம் பிய்ந்து போகும். போதாமல் கழுவினால் மிதந்த செல்களும் கணக்கில் சேரும். தட்டின் ஓரக் குழிகளில் நீர் விரைவில் ஆவியாவதால் அவற்றின் அளவீடும் பிறழக்கூடும். ஆகவே ஒவ்வொரு மாதிரிக்கும் பல குழிகளை ஒதுக்கி, வேறொரு நாளிலும் சோதனையைத் திரும்பச் செய்வது அவசியம்.

எளிய மாற்று முறைகளுக்கும் வரம்பு உண்டு. 152 ஸ்டைஃபைலோகாக்கஸ் மாதிரிகளில் மூன்று முறைகளை ஒப்பிட்டு, இந்திய மருத்துவ நுண்ணுயிரியல் இதழில் 2006-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியானது. கண்ணாடிக் குழாயில் படியும் நிறத்தைக் கண்ணால் பார்க்கும் முறை, வலுவான படலங்களைக் காட்டியது. பலவீனமானவற்றைப் பிரித்தறிய உதவவில்லை. காங்கோ ரெட் அகார் முறையின் முடிவுகள் தட்டு முறையுடன் பெரிதும் ஒத்துப்போகவில்லை.

நிறம் என்பது உயிர் அல்ல

கிரிஸ்டல் வயலெட் உயிருள்ள செல், இறந்த செல், பசைப்பொருள் என அனைத்திலும் ஒட்டும். மருந்து இட்ட குழியில் ஊதா நிறம் மாறாமல் இருந்தால், மருந்து தோற்றது என்று பொருளல்ல. செல்கள் இறந்த நிலையில் படலம் அப்படியே தங்கியிருக்கலாம். நிறம் குறைந்தாலும் கிருமி அழிந்தது என்று முடிவு செய்ய இயலாது. எஞ்சிய சில செல்களே மீண்டும் படலத்தை உருவாக்கப் போதுமானவை.

இதனால், படலத்தைச் சுரண்டியெடுத்து அகார் தட்டில் பரப்பி, வளரும் கூட்டங்களை எண்ணும் சோதனையும் உடன் செய்யப்பட வேண்டும். ஊதா நிறம் படலத்தின் அளவைக் கூறும்; அதில் உயிர் எஞ்சியுள்ளதா என்பதை அந்த எண்ணிக்கையே கூறும். கிருமிநாசினியோ மூலிகைச் சாறோ 'உயிரிப்படலத்தை அழிக்கிறது' என்ற முடிவுக்கு வர இரண்டும் தேவை.