மொழிபெயர்ப்பாளருக்கு முன்பே வந்த போலீஸ்

ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு உதவ ஆஸ்திரேலியா 1973-லேயே தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையைத் தொடங்கிவிட்டது. இன்று 131 450 என்ற எண்ணை எந்நேரம் அழைத்தாலும், தமிழ் உட்பட 150-க்கும் மேற்பட்ட மொழிகளில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வரும் சிகிச்சை என்றால் தனியார் டாக்டருக்கும் இது இலவசம்.

ஆனால் டாக்டர் போனை எடுக்க வேண்டுமே! அவசரத்தில், உடன் வந்த பிள்ளையையே பேசச் சொல்வது சுலபம். கருப்பைக் கோளாறைப் பள்ளிக்கூடத்து மகன் வாயிலாகச் சொல்ல எந்த அம்மாவுக்கு மனம் வரும்?

இத்தனை அனுபவம் உள்ள நாடுதான் 2020 ஜூலை 4 அன்று மெல்பர்னில் தடுமாறியது. கொரோனா பரவியதால் பிளெமிங்டன், நார்த் மெல்பர்ன் பகுதிகளின் ஒன்பது அடுக்குமாடி அரசுக் குடியிருப்புகளை மூடுவதாக விக்டோரியா மாநில அரசு மாலை நான்கு மணியளவில் அறிவித்தது. உத்தரவு அந்த நிமிடமே அமலுக்கு வந்தது. உள்ளே சுமார் 3,000 பேர். சோமாலி, ஒரோமோ, அம்ஹாரிக், அரபி, வியட்நாமியம் எனப் பல மொழிக் குடும்பங்கள். போர்களுக்குத் தப்பி வந்தவர்களும் உண்டு. மொழிபெயர்ப்பாளர்கள் போதவில்லை. பலருக்குச் செய்தி சொன்னது, வாசலில் நின்ற போலீஸ் கூட்டம்தான். அரசின் உத்தரவைக் குடியிருப்பாளர்களும் தன்னார்வலர்களும் தாங்களே மொழிபெயர்த்துப் பரப்பினார்கள்.

அடுத்த மாதமும் பாடம் ஏறவில்லை. மாஸ்க் பற்றிய அரசுத் துண்டறிக்கை ஒன்று அரபியும் பாரசீகமும் கலந்து வெளிவந்தது. எழுத்து ஒரே சாயல்தானே என்று யாரோ நினைத்திருக்க வேண்டும்.

குடியிருப்பாளர்களை உடனடியாக அடைத்து வைத்தது மனித உரிமைச் சட்டத்துக்கு முரணானது என்று மாநிலக் குறைதீர்ப்பாளர் டெபோரா கிளாஸ் அந்த டிசம்பரில் அறிக்கை தந்தார். மன்னிப்புக் கேட்கச் சொன்ன பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. பிறகு குடியிருப்பாளர்கள் தொடுத்த வழக்கில் 50 லட்சம் டாலர் கொடுக்க இணங்கியது.

உருப்படியான மாற்றம் அந்தக் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் நடந்தது. கோஹெல்த் என்ற சமூக சுகாதார அமைப்பு, குடியிருப்பாளர்களையே சம்பளத்துக்கு அமர்த்தியது. அவர்கள் நுழைவாயிலில் நின்று, வருவோர் போவோரிடம் பரிசோதனை, மாஸ்க் பற்றி அவரவர் மொழியில் பேசினார்கள். எந்த மாடியில் எந்த மொழி, யார் வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் அங்கேயே வாழ்பவர்களுக்குத் தெரியாதா? ஜூலை 4 காலையிலேயே அவர்களைக் கேட்டிருக்கலாம்.