55 பாகையில் ஒரு பரீட்சை

நோர்வேயில் கட்டடங்களைச் சூடாக்க எண்ணெய் எரிப்பதற்கு 2020 ஜனவரி முதல் தடை. ஒஸ்லோவின் கிழக்குப் புறத்தில், 1960களில் கட்டிய எங்கள் மரவீட்டின் நிலக்கீழ் அறையில் அதுவரை ஓர் எண்ணெய்க் கொதிகலன் இரைந்துகொண்டிருந்தது. தோட்டத்து மண்ணுக்குள் அதற்கான இரும்புத் தாங்கி. தடை வருவதற்கு முந்திய இலையுதிர் காலத்தில் இரண்டையும் அகற்றிவிட்டு, வெளிக்காற்றின் சூட்டை வீட்டுக்குள் கொண்டுவரும் ஹீட் பம்ப் பூட்டினோம்.

“உந்தப் பழைய வீட்டுக்கு அது சரிவராது” என்றார்கள் தெரிந்தவர்கள். வெளியே மைனஸ் 15 பாகை இருக்கும்போது அந்தக் காற்றில் எடுக்கச் சூடு ஏது? நியாயமான கேள்விதான். இயந்திரத்தின் குழாய்களில் ஓடும் ஆர்32 என்ற திரவம் சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 52 பாகையளவிலேயே கொதித்துவிடும். அதற்கு மைனஸ் 15 பாகைக் காற்றும் வெக்கைதான். காற்றிலிருந்து சூட்டை வாங்கி ஆவியாகும். கம்பிரசர் அழுத்த ஆவியின் வெப்பம் ஏறும். ரேடியேட்டர் தண்ணீருக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகும். குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் சுடுவதும் இதே வேலையால்தான்.

ஒரு லீற்றர் எண்ணெயில் ஏறத்தாழ 10 அலகு (கிலோவாட் மணி) சக்தி உண்டு. ஆண்டுக்கு 2,000 லீற்றர் எரிக்கும் வீட்டில், பழைய கொதிகலன் 80 வீதத்தைத் தந்தால் கிடைக்கும் சூடு 16,000 அலகு. ஓர் அலகு மின்சாரத்துக்கு இரண்டரை அலகு சூடு என்று குறைத்தே கணக்கிட்டாலும், அதே சூட்டுக்கு ஹீட் பம்ப் கேட்பது 6,400 அலகு மின்சாரம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எண்ணெய்க் கொதிகலன் ரேடியேட்டர்களுக்கு 70, 80 பாகையில் தண்ணீர் அனுப்பிப் பழகியது. அவ்வளவு சூடாக்கச் சொன்னால் ஹீட் பம்ப் மின்சாரத்தை விழுங்கும். ஆகவே வீட்டின் வயதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை; எத்தனை பாகைத் தண்ணீரில் வீடு சூடாகிறது என்று பார்த்தால் போதும். வாங்குவதற்கு முந்திய குளிர்காலத்தில் கொதிகலனை 55க்கு இறக்கிவைத்தோம். வடக்குப் பக்கப் படுக்கையறை மட்டும் குளிர்ந்தது. அங்கே பெரிய ரேடியேட்டர் பூட்டி, கூரைக்குக் கீழே வெப்பக் காப்புப் பஞ்சைக் கூட்டி, யன்னல் இடுக்குகளை அடைத்தோம். அதன் பிறகு சிறிய இயந்திரமே போதுமானது. தேவைக்கு மிஞ்சிய பெரிய இயந்திரம் நின்று நின்று ஓடிச் சீக்கிரம் தேயும்.

முதல் வாரம் மனைவி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இஞ்சேருங்கோ, இது சுடேல்லை, வேலை செய்யுதோ?” என்று கேட்டார். சுவரில் வெப்பமானி 21 காட்டியது. இளஞ்சூட்டில் நாள் முழுக்க ஓடுவதுதான் இதன் இயல்பு. வீட்டுக்கு வெளியே நிற்கும் பெட்டியில் பனி படிந்தால் இயந்திரம் தானே திசைமாறி ஓடி உருக்கும். அப்போது குபுகுபுவென்று வெள்ளையாக ஆவி எழும். அது பழுதல்ல. பெட்டியைக் கொட்டும் பனிக்கு மேலே நிற்கும்படி தாங்குசட்டத்தில் ஏற்றுங்கள். அயலவரின் படுக்கையறை யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள்.

மண்ணுக்குள் கிடக்கும் தாங்கியை மறந்துவிடக் கூடாது. துருப்பிடித்துக் கசிந்தால் மண்ணைச் சுத்தமாக்கும் செலவு வீட்டுக்காரர் தலையில்தான் விழும்.

ஜேர்மனியிலும் கனடாவிலும் இன்னும் எண்ணெயில் வீடு சூடாக்கும் நம்மவர்களே, விலை விசாரிக்குமுன் இந்தக் குளிர்காலத்திலேயே ரேடியேட்டர் தண்ணீரை 55க்கு இறக்கிச் சில நாள் பாருங்கள். குளிக்கும் வெந்நீர்த் தாங்கியை மட்டும் 60க்குக் கீழே விடவேண்டாம். எந்த அறை குளிர்கிறது என்று குறித்துவைத்து, அந்தத் தாளோடு இயந்திரம் பூட்டுபவரிடம் போங்கள்.