கட்டை அவிழ்த்தால் கழித்தல் புரியும்

32இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால், மூன்றாம் வகுப்பில் பலர் 25 என்று எழுதுவார்கள். ஒன்றாம் இடத்தில் 7இலிருந்து 2ஐ எடுத்துவிடுகிறார்கள். பெரியதிலிருந்துதானே சிறியதை எடுக்க முடியும் என்பது அவர்கள் நியாயம். 'கடன் வாங்கு' என்று நாம் எத்தனை முறை சொன்னாலும் அது மாறுவதில்லை.

ஆலங்குடிப் பக்கம் தென்னை ஈர்க்குக்குப் பஞ்சமில்லை. பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட மூன்று கட்டுகளும் உதிரியாக இரண்டு ஈர்க்கும் கொடுத்து, 17 கேளுங்கள். முதலில் ஏழு உதிரி வேண்டும். குழந்தை திணறும், நாம் வாய் திறக்கக் கூடாது (கடினமான பகுதி அதுதான்). ஒரு கட்டை அவிழ்த்ததும் உதிரி பன்னிரண்டாகும். ஏழு போக ஐந்து. மீதி இரண்டு கட்டில் ஒன்று போக ஒன்று. விடை 15.

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் வகுப்புகளில், அரும்பு நிலைக் குழந்தைகள் எண்ணிக் கட்டுப் போடலாம். மலர் நிலையினர் அவிழ்ப்பதை உடனுக்குடன் ஏட்டில் எழுதட்டும். புளியங்கொட்டை இதற்கு உதவாது, கட்ட முடியாதே!