முன்னே போவதற்கு மன்னிப்பு

அந்நிய தேசத்தில் உபாத்தியாயத் தொழில் புரியச் செல்வோர், அத்தேசத்தின் பாஷையையும் உணவையும் பற்றியே பெரிதும் கவலைப்படுகின்றனர். ஆனால் அங்கு சென்றபின் அவர்களை அதிகமாகத் திகைக்கச் செய்பவை, ஒருவரும் வாய்திறந்து சொல்லாமலே யாவரும் அனுஷ்டித்து வரும் உத்தியோக வழக்கங்களேயாம். ஜப்பானில் 1987-ம் வருஷம் முதல், ஜெட் என்னும் ஸர்க்கார் திட்டத்தின்கீழ் அந்நியர் பலர் பள்ளிகளில் ஆங்கிலம் போதிக்க உதவி வருகின்றனர். அத்தகைய உதவி உபாத்தியாயராய் இருந்து நாம் கண்டவற்றை நேயர்களுக்கு எடுத்துரைப்பது பயன்தருமென்று எண்ணுகிறோம்.

பள்ளி வாயிலிலேயே வெளிப் பாதரட்சையைக் கழற்றி, உள்ளே அணிவதற்கென்று வைத்திருப்பதை மாட்டிக்கொள்ள வேண்டும். உபாத்தியாயர் யாவருக்கும் ஒரே கூடம். மேஜைகள் எதிரெதிராக நெருங்கிக் கிடக்கும். உப தலைமையாசிரியர் அனைவரையும் நோக்கியவாறு முன்புறத்தில் அமர்ந்திருப்பார். காலையில் அங்கே சிறு கூட்டம் நடைபெறும். தினந்தோறும் குறித்த வேளையில் பிள்ளைகளே துடைப்பமும் துணியுமாக வகுப்பறைகளையும் தாழ்வாரங்களையும் சுத்தம் செய்கின்றனர். உபாத்தியாயர்களும் உடன் சேர்ந்துகொள்வர். வெளியூர் சென்று திரும்பும் ஒருவர், அவ்வூர்த் தின்பண்டத்தைத் தனித்தனிப் பொட்டலங்களாக வாங்கி வந்து மேஜைதோறும் வைப்பார். தாம் இல்லாத நாட்களில் தமது வேலையைச் சுமந்தவர்களுக்கு அது ஒரு நன்றியறிதல். இவ்வழக்கங்களின் கருத்து சில மாதங்களில் விளங்கிவிடுகிறது. பள்ளிக்கூடம் ஒரு குடும்பம். அதில் எந்த வேலையும் இழிவானதன்று என்பதே அது.

ஆயினும், நமக்கு எளிதில் விளங்காத வழக்கம் ஒன்றுண்டு. மாலையில் வேலை நேரம் முடிந்தும் எவரும் எழுந்திருப்பதில்லை. எழுந்திருப்பவர், "ஒஸாகி நி ஷித்ஸுரேய் ஷிமாஸ்" என்று தலைவணங்கி விடைபெறுவார். 'உங்களுக்கு முன்னே செல்லும் அபசாரத்தைப் பொறுத்தருள வேண்டும்' என்பது அதன் பொருள். குறித்த நேரத்தில் வீடு செல்வதற்கு மன்னிப்பு எதற்கு? கோடை விடுமுறையில் பிள்ளைகள் வராத நாட்களிலும் உபாத்தியாயர்கள் வந்து மேஜையருகில் அமர்ந்திருப்பதன் காரணம் யாது?

கேட்டால், குடும்பத்தில் ஒருவர் உழைக்க மற்றவர் உறங்கலாமா என்பார்கள். அழகிய மறுமொழிதான். ஆனால் அக்குடும்பத்தின் கணக்கையும் நாம் பார்க்கவேண்டும். 1971-ம் வருஷத்தில் இயற்றப்பட்ட சட்டமொன்று, பொதுப்பள்ளி உபாத்தியாயர்களுக்கு மாதச் சம்பளத்தில் 4 சதவீதம் கூடுதலாகக் கொடுத்து, அதிக நேர வேலைக்குத் தனிக்கூலி இல்லையென்று தீர்த்துவிட்டது. 1966-ல் எடுத்த கணக்கின்படி, அதிகப்படி வேலை மாதத்திற்குச் சுமார் 8 மணி நேரமே. அதுவே அந்த 4 சதவீதத்துக்கு ஆதாரம். பின்னர் வேலை பெருகியது, சதவீதம் பெருகவில்லை. 2018-ல் பல தேசங்களை ஒப்பிட்டு நடத்திய ஆராய்ச்சியில், ஜப்பானிய நடுநிலைப்பள்ளி உபாத்தியாயர் வாரத்திற்கு 56 மணி நேரம் உழைப்பதாகத் தெரியவந்தது. மற்றத் தேசங்களையும் சேர்த்த சராசரியோ 38 மணிக்குச் சற்று அதிகமே. அளவுகடந்த உழைப்பினால் நேரும் மரணத்திற்கு அந்நாட்டுப் பாஷையில் 'கரோஷி' என்று தனிப்பெயரே வழங்குகிறது. அதைத் தடுக்க 2014-ல் ஒரு சட்டம் செய்யவேண்டியதாயிற்று.

ஆகவே, வழக்கங்களனைத்தையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. துடைப்பம் ஏந்தும் வழக்கம் யாவர்மீதும் சமமாக விழுகிறது. சிறிது நேரத்தில் முடிகிறது. தின்பண்டம் வைக்கும் வழக்கம் பெறுபவனை மகிழ்விக்கிறது. முன்னே போவதற்கு மன்னிப்புக் கேட்கும் வழக்கமோ, 'முடியாது' என்று சொல்லத் துணிவில்லாதவன் தோளிலேயே மிகுதியாக அழுத்துகிறது. கைக்குழந்தையை வீட்டில் விட்டுவந்த தாயும், புதிதாக உத்தியோகத்தில் அமர்ந்த வாலிபனும் அதனால் படும் துன்பம் பெரிது. மரியாதை என்ற பெயரால் கூலியில்லா உழைப்பைப் பெறுவது எந்தத் தேசத்திலும் நியாயமாகாது.

இதை ஜப்பானியரும் உணர்ந்துவிட்டனர். 2025-ல் அப்பழைய சட்டத்தைத் திருத்தி, 4 சதவீதத்தைப் படிப்படியாக 10 சதவீதமாக்கத் தீர்மானித்தனர். மணிக்கணக்குப்படி கூலி என்பது இன்னும் ஏற்படவில்லை. எனினும் நல்ல வழக்கத்தைக் காத்து, தீயதைக் களையும் முயற்சி அத்தேசத்தார் கையாலேயே தொடங்கியிருப்பது போற்றத்தக்கது. அந்நிய நாட்டுக்குப் போதிக்கச் செல்லும் நம்மவர், அங்குள்ள வழக்கத்தைக் கண்டவுடன் நகைக்கவும் வேண்டாம், வணங்கவும் வேண்டாம். அதன் பாரம் யார் தலைமேல் விழுகிறது என்று மட்டும் கவனிப்பார்களாக.