உடற்கல்வி வேளை முடிந்த பின்

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். காலை வேளையில் இவ்வழியே செல்லும் பேருந்துகளில் சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் மாணவர் பலரைக் காணலாம். இவர்களின் பாட்டன் பாட்டியர் உடற்பயிற்சி என்னும் சொல்லை அறியாமலே மல்லாட்டைக் கொல்லையிலும் கரும்புத் தோட்டத்திலும் நாள் முழுதும் உழைத்தனர். இன்று அவ்வுழைப்புக் குறைந்துவிட்டது. பள்ளியில் உடற்கல்விப் பாடவேளையேனும் எஞ்சியுள்ளது. மேல்நிலைக் கல்வி முடிந்ததும் அதுவும் நின்றுவிடுகிறது. பதினோராம் வகுப்பில் அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி, கல்லூரியில் சேர்ந்த சில திங்களில் திண்ணையோரம் சார்த்தப்படுகிறது. உடலியக்கம் பெரும்பாலும் இப்படித்தான் ஓசையின்றிக் குறைகிறது.

இக்குறைவின் விளைவைத் தெளிவாகக் காட்டிய தொடக்ககால ஆய்வுகளுள் ஒன்று பேருந்திலேயே நிகழ்ந்தது. ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் இலண்டன் மாநகரின் இரட்டையடுக்குப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து 1953 இல் முடிவுகளை வெளியிட்டனர். ஓட்டுநர் அமர்ந்தே பணிபுரிவார். நடத்துநரோ நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குவார். மாரடைப்பு நடத்துநரிடையே குறைவாகவே இருந்தது. ஓட்டுநர்களின் சீருடை இடுப்பளவு தொடக்கத்திலிருந்தே பெரிதாக இருந்தமை பின்னர்த் தெரியவந்தது. எனவே வேறுபாடு முழுவதையும் பணியின்மேல் ஏற்றிவிட முடியாது. ஆயினும் உடலியக்கம் இதயத்தைக் காக்கிறது என்பதை அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் உறுதிசெய்தன.

இளமையில் நோய் தெரியாது. ஆனால் சேமிப்பு நிகழ்வது அப்போதுதான். எலும்பு இருபதுகளின் இறுதிக்குள் தன் வலிமையின் உச்சத்தை எட்டுகிறது. அதன்பின் அதைக் காக்கலாமேயன்றிப் பெரிதும் கூட்ட இயலாது. இந்தியர்க்கு மற்றொரு காரணமும் உண்டு. ஐரோப்பியரைவிடக் குறைந்த வயதிலும் குறைந்த எடையிலும் தெற்காசியரை நீரிழிவு பற்றுகிறது. ஆகவே, மெலிந்த தோற்றத்தை நலத்தின் அடையாளமாகக் கொள்ளலாகாது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக 2023 இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டுள்ளது.

17 வயது வரை நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 18 வயது முதல் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான இயக்கமும், இரண்டு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும். தண்டாலும் பஸ்கியும் இதற்குப் போதும். கட்டணம் செலுத்திப் பயிற்சிக்கூடம் செல்வது விருப்பத்தைப் பொறுத்தது. அங்கே பரிந்துரைக்கப்படும் புரதப் பொடியைவிட அவித்த மல்லாட்டையும் முட்டையும் பருப்பும் மலிவானவை.

காவலர் தேர்வை எண்ணி விடியற்காலையில் ஓடிப் பழகும் இளைஞர்கள் இப்பகுதியில் பலர். தேர்வு முடிந்ததும், வென்றவரும் தோற்றவரும் ஓட்டத்தை நிறுத்திவிடுவதுண்டு. நிறுத்திய சில வாரங்களிலேயே மூச்சுத்திறன் குறையத் தொடங்கும். இலக்கு முடிந்த பின்னும் நீடிப்பது பழக்கம் ஒன்றே. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு, புதிய செயல் ஒன்று எண்ணாமலே நிகழும் பழக்கமாக எத்தனை நாளாகும் எனக் கணக்கிட்டனர். நடுமதிப்பு 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை. ஒருநாள் தவறியதால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. வடகிழக்குப் பருவமழையில் சில நாள் வெளியே செல்ல இயலாதவர்க்கு இது நற்செய்தி.

எல்லாம் மன உறுதியைப் பொறுத்ததே என்று கூறிவிடுவது முறையன்று. இருள் பிரியாத வேளையில் ஆடவர் ஏரிக்கரையில் ஓடலாம். பெண்பிள்ளைகளை அவ்வேளையில் அனுப்பப் பல வீடுகள் தயங்குகின்றன. அவர்களுக்கு மொட்டைமாடியும் ஸ்கிப்பிங் கயிறும் உடன்வரும் தோழியரும் துணையாகலாம். ஆயினும் மாலையில் பள்ளித் திடலைத் திறந்துவைத்து விளக்கேற்றுவது ஊராரின் பொறுப்பு.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை வகுத்துள்ளது. முதல்நாளே அத்தொலைவை நடக்க வேண்டியதில்லை. பேருந்து நிறுத்தத்திற்கு 15 நிமிடம் விரைந்து நடந்து சென்று, மாலையில் அவ்வாறே திரும்பும் மாணவர், ஐந்து நாளில் 150 நிமிடத்தை நிறைவு செய்துவிடுகிறார்.