பக்கத்துச் சபையின் பவுசர் ஏன் உங்கள் ஊருக்கு வருகிறது?

ஊர் திரும்பிய முதல் வாரங்களில், சந்தியில் வந்து நிற்கும் தண்ணீர்ப் பவுசரின் கதவில் வேறொரு பிரதேச சபையின் பெயர் எழுதியிருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். “எங்கள் சபை எங்கே? இவர்கள் ஏன் வருகிறார்கள்? எவ்வளவு காலத்துக்கு வருவார்கள்?” என்ற கேள்விகள் எழுவது இயல்பு. அந்தக் கேள்விகளுக்கு விடை தருவதற்காகவே இப்பகுதி எழுதப்பட்டுள்ளது.

நீர் வழங்குவோர் யார்?

நகரங்களிலும் பெரிய திட்டங்களிலும் குழாய்நீரைத் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை வழங்குகிறது. சில சிறிய திட்டங்களைப் பிரதேச சபைகள் நடத்துகின்றன. சில கிராமங்களில் ஊர்மக்களின் சமுதாய அமைப்பே தாங்கியையும் பம்பியையும் பராமரிக்கிறது. வன்னிக் கிராமங்களில் பெரும்பாலான குடும்பங்களுக்கு வளவுக் கிணறுதான் தண்ணீர்.

இடம்பெயர்வுக்குப் பின்னர் இவை எல்லாம் ஒரே நேரத்தில் குலைந்துபோகின்றன. பம்பிகள் காணாமற் போகின்றன, குழாய்கள் உடைகின்றன, வேலை தெரிந்த ஊழியர்கள் சிதறிவிடுகிறார்கள். கிளிநொச்சி நகரின் பெரிய நீர்த்தாங்கி போரின்போது அடியோடு சரிந்து விழுந்ததை நீங்கள் அறிவீர்கள். ஊழியரும் வாகனமும் இல்லாத ஒரு சபை தன் கையால் மட்டும் எழுந்து நிற்க முடியாது. அப்போதுதான் பாதிக்கப்படாத பக்கத்துச் சபைகளின் உதவி தேவைப்படுகிறது.

எதைக் கொடுக்கிறார்கள்?

முதலில் வருவது பவுசரும் அதன் சாரதியும். அடுத்து, பவுசரை நிரப்புவதற்குச் சுத்திகரித்த நீர் கொடுக்கப்படுகிறது. அதன்பின் நீரிறைக்கும் இயந்திரம், மின்பிறப்பாக்கி, குழாய் பொருத்துநர், குளோரின், நீரைப் பரிசோதிக்கும் வசதி என்பன தேவைக்கேற்பக் கிடைக்கலாம்.

உங்கள் கோரிக்கை கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கும், அங்கிருந்து மாவட்டச் செயலகத்துக்கும் போகிறது. மாவட்ட மட்டத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அலகு, நீர்வழங்கல் சபை, பிரதேச சபைகள், நிவாரண நிறுவனங்கள் ஆகியன எந்தப் பவுசர் எங்கே போவது என்று பங்கிட்டுக்கொள்கின்றன. எனவே உங்கள் ஊரின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை முதலில் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டறியுங்கள்.

மற்ற நாடுகளிலும் இதுவே வழக்கம்

1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரைப் பூகம்பம் தாக்கியபோது, அப்பகுதியில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் குழாய்நீர் நின்றுபோனது. நாட்டின் பிற நகரங்களின் நீர்வழங்கல் நிறுவனங்கள் தங்கள் பவுசர்களையும் திருத்துநர்களையும் அங்கே அனுப்பின.

அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் 1991இல் பெருந்தீ ஏற்பட்டபோது அயல் நகரங்களின் தீயணைப்பு வாகனங்கள் உதவிக்கு ஓடிவந்தன. ஆனால் அந்நகரின் தண்ணீர் வாய்கள் 3 அங்குல அளவானவை. வந்தவர்களின் குழாய்களோ இரண்டரை அங்குலம். உதவி வந்தும் பலருக்கு உடனே குழாயைப் பூட்ட முடியவில்லை. அடுத்த ஆண்டு, 1992இல், கலிபோர்னியாவின் நீர்வழங்கல் நிறுவனங்கள் அவசரகாலத்தில் ஒருவருக்கொருவர் உதவுவதற்கு உடன்படிக்கை செய்துகொண்டன. உதவி வருவதற்கு முன்னரே அதை ஏற்றுக்கொள்ள ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதே நமக்கும் உரிய பாடம்.

இரவல் தண்ணீருக்கு அளவு உண்டு

அவசரகாலத்தில் குடிக்க, சமைக்க, அடிப்படைச் சுத்தத்துக்கு என ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தேவை என்பது நிவாரணப் பணியில் பின்பற்றப்படும் அளவு. ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு 75 லீற்றர். அறுபது குடும்பங்களுக்கு 4,500 லீற்றர். அதாவது 5,000 லீற்றர் பவுசர் ஒன்று தினமும் ஒருமுறை வந்தால்தான் அறுபது குடும்பங்களுக்குப் போதும்.

அந்தப் பவுசர் உங்களிடம் நிற்கும் நேரத்தில் அதற்குச் சொந்தமான ஊரின் வேலை ஒன்று தள்ளிப்போகிறது. ஆவணி, புரட்டாதியில் கிணறுகள் வற்றும்போது அவர்களுக்கும் அது தேவைப்படும். ஆகவே அது ஒருநாள் திரும்பிப் போகும். அது போவதற்கு முன்னர் உங்கள் கிணறு பாவனைக்கு வந்துவிட வேண்டும்.

பவுசர் தடங்கலின்றி வர நீங்கள் செய்யக்கூடியவை

• குடும்பங்களின் எண்ணிக்கையைச் சரியாகக் கொடுங்கள். புதிதாக வந்தவர்களையும், கர்ப்பிணிகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் உள்ள வீடுகளையும் தனியே குறிப்பிடுங்கள்.
• பவுசர் உள்ளே வந்து திரும்பக்கூடிய, கண்ணிவெடி அகற்றப்பட்ட பாதையை மட்டும் காட்டுங்கள்.
• பொதுத் தாங்கியை உறுதியான மேடையில் வையுங்கள். அதன் மூடி, பவுசர்க் குழாய் நுழையும் அளவுக்கு அகன்றதாக இருக்கட்டும். குழாயின் அளவைச் சாரதியிடம் முன்னரே கேட்டு வையுங்கள்.
• தாங்கியின் பொறுப்பைக் கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ ஏற்கட்டும். தண்ணீர் வந்த நாளையும் அளவையும் கொப்பியில் எழுதி வையுங்கள். பவுசர் வராத நாளில் முறையிட அதுவே ஆதாரம்.
• தண்ணீரில் இலேசான குளோரின் மணம் இருந்தால் கொட்டிவிடாதீர்கள். கிருமி அழிக்கப்பட்டுள்ளது என்பதற்கு அது அடையாளம். மூடியுள்ள, கழுவிய பாத்திரத்தில் சேமியுங்கள்.

பவுசர் வரும் காலத்திலேயே கிணற்றைத் திருத்துங்கள்

முதலில் பாதுகாப்பு. கைவிடப்பட்ட கிணற்றுக்குள் வெடிபொருட்கள் கிடக்கக்கூடும். கண்ணிவெடி அகற்றும் பிரிவினர் பார்த்து அனுமதிக்கும்வரை வாளி போடவோ இறங்கவோ வேண்டாம். அனுமதி கிடைத்த பின்னரும் எரிபொருளில் இயங்கும் பம்பியைக் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். அதன் புகை உள்ளே இருப்பவரின் உயிரைப் பறித்துவிடும். ஒருவர் இறங்கும்போது மேலே கயிற்றுடன் இருவராவது நிற்க வேண்டும்.

நீரை இறைத்து, சேற்றையும் குப்பையையும் அகற்றி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். நீர் மீண்டும் ஊறித் தெளிந்த பின்னர், பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு குளோரின் இடுவியுங்கள். எவ்வளவு இடுவது என்பது கிணற்றிலுள்ள நீரின் அளவைப் பொறுத்தது. அதை அவர் கணித்துச் சொல்வார். அவர் அனுமதிக்கும்வரை அந்த நீரைக் குடிக்க வேண்டாம். புதிய மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து 30 மீற்றராவது தள்ளி அமையுங்கள்.

கரையோரக் குடும்பங்களுக்கு ஒரு விசேட கவனம் தேவை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கிழக்குக் கரையோரத்தில் ஆயிரக்கணக்கான கிணறுகளில் உப்புநீர் புகுந்தது. உப்பைப் போக்கும் எண்ணத்தில் பலர் கிணறுகளைத் திரும்பத் திரும்ப வற்ற இறைத்தார்கள். மணற்பாங்கான நிலத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் ஒரு படையாகவே மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழுள்ள உப்புநீர் மேலேறிவிடும். ஒருமுறை துப்புரவாக்கி, பின்னர் மழைநீர் ஊற இடம்விடுவதே நல்லது. கொதிக்க வைத்தாலும் குளோரின் இட்டாலும் உப்பு நீங்காது. உவர்ப்பு இருக்கும்வரை குடிப்பதற்குப் பவுசர் நீரையே கேளுங்கள். கிணறு துப்புரவாக்கியாயிற்று என்பதற்காக உங்கள் ஊரைப் பட்டியலிலிருந்து நீக்கவேண்டாம் என்றும், இன்னும் உவர்ப்பு இருக்கிறது என்றும் எழுத்தில் தெரிவியுங்கள்.

யாரிடம் சொல்வது?

பவுசர் வராவிட்டால் முதலில் கிராம உத்தியோகத்தரிடமும் பின்னர் பிரதேச செயலகத்திலும் அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. குழாய்நீர் பற்றிய முறைப்பாடுகளுக்கு நீர்வழங்கல் சபையின் இலக்கம் 1939. நிவாரணமாக வரும் தண்ணீருக்கு எவரேனும் பணம் கேட்டால் அதையும் பிரதேச செயலகத்துக்குத் தெரிவியுங்கள்.

உங்கள் கிணற்று நீரைக் குடிக்கலாம் என்று சுகாதாரப் பரிசோதகர் சொன்ன அன்றே கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு ஒதுக்கிய அந்தத் தண்ணீர், நேற்று ஊர் திரும்பிய இன்னொரு குடும்பத்துக்குப் போய்ச் சேரும்.